துளைப் பட்டைகளில் கட்டிய தேர்

அந்த வருஷம் ஆவணி பிறந்த வாரத்தில் வீட்டுக்காரர் படியேறி எங்கள் மாடிப் போர்ஷனுக்கு வந்தார். வாடகையை என் மனைவிதான் மாதாமாதம் கீழே கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் மேலே வந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"பையனுக்கு பம்பாயிலேர்ந்து இங்கேயே மாத்தல் ஆகப்போறது. தை பொறந்தா குடும்பத்தோட வந்துடுவான். மாடி வேணும் சார். இப்பவே சொல்லிட்டேன்."

"சரி சார்" என்றேன். அவர் இறங்கிப் போன பிறகுதான் அது எவ்வளவு பெரிய சரி என்று உறைத்தது. என் மகள் அந்த வருஷம் பிளஸ் டூ. மார்ச்சில் பொதுத் தேர்வு. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. டியூஷன் வீடு அதற்கு அடுத்த தெரு. எங்கள் வசதிக்கு மயிலாப்பூரில் இன்னொரு வீடு கிடைக்காது. தை மாதத்தில், திருப்புதல் தேர்வுகளுக்கு நடுவில், சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு ஊரின் வேறு கோடிக்குப் போக வேண்டியிருக்கும்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"பையன் வர்றது நிஜமாத்தான் இருக்கும். ஆனா அந்த நட்டு மட்டும் அவர் பல்லுல மாட்டாம இருந்திருந்தா, பரீட்சை முடியட்டும்னு அவரே சொல்லியிருப்பார்."

நட்டு என்னுடையது.

நான் தேனாம்பேட்டையில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. சிறுவர்களுக்கென்று விற்கும் இரும்புப் பட்டைப் பெட்டிகளை வாங்கி, அந்தச் சாமான்களைக் கொண்டு இயந்திர மாதிரிகள் கட்டுவது. வரிசையாகத் துளை போட்ட பட்டைகள், தகடுகள், அச்சுக் கம்பிகள், பித்தளைப் பல்சக்கரங்கள், சிறிய நட்டும் போல்ட்டும். பட்டைகள் பாண்டி பஜார் பொம்மைக் கடையில் கிடைக்கும். பல்சக்கரங்கள் இங்கே கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். துறைமுகத்துக் கிரேன் மாதிரி பளு தூக்கி ஒன்று கட்டினேன், தறி கட்டினேன், திறந்து மூடும் பாலம் கட்டினேன். ஒன்று சரியாக ஓடியதும் சில வாரம் வைத்திருந்து பார்ப்பேன். பிறகு பிரித்து, துடைத்து, பிஸ்கட் டப்பாக்களில் அளவுவாரியாகப் போட்டுவிடுவேன். பிரித்தால்தான் அடுத்தது. அதே பட்டை பாலத்திலும் இருந்திருக்கும், தறியிலும் இருந்திருக்கும்.

பிரித்த சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி மொட்டை மாடியில் காயப் போடுவேன். அதே மொட்டை மாடியில் கோடையில் வீட்டுக்கார மாமி வடாம் பிழிந்து காய வைப்பார். எப்படிப் போனதென்று தெரியாது, ஒரு நட்டு வடாமில் சேர்ந்துவிட்டது. வடாம் டப்பாவுக்குள் போய், ஆடி மாதத்தில் ஒரு மழை நாள் சாயங்காலம் எண்ணெயில் பொரிந்து, வீட்டுக்காரரின் கடைவாய்ப் பல்லை ஓரமாக உடைத்தது.

மறுநாள் மாமி அதை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு மேலே வந்தார்.

"இது உங்காத்து சாமானான்னு பாருங்கோ. எங்காத்துல இந்த மாதிரி எதுவும் கிடையாது."

ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். மாமி போகவில்லை. மேஜைமேல் நின்ற பளு தூக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடியைச் சுற்றிக் காட்டினேன். கொக்கி இறங்கி, ஒரு தீப்பெட்டியைத் தூக்கி, பக்கவாட்டில் திரும்பி வைத்தது.

"கொழந்தை சாமான்னுதான் நெனச்சிண்டிருந்தேன்" என்றார். பல்லைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்காரர் அப்படி இல்லை. படியில் எதிர்ப்பட்டால் கன்னத்தில் கை வைத்தபடி தலையை மட்டும் அசைப்பார்.

புரட்டாசியில் கொலுவுக்குப் படி கட்டத் தொடங்கும் முன் மாமி என் மனைவியைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த வீட்டுக் கொலு தெருவில் பேர் பெற்றது. படிகளுக்கு முன்னால் தரையில் வருஷத்துக்கு ஒரு காட்சி வைப்பார்கள். இந்த வருஷம் நான்கு மாட வீதியும் குளமும் வைத்து, அதில் ஒரு தேர் தானாகச் சுற்றி வர வேண்டும் என்பது மாமியின் ஆசை.

மனைவி மேலே வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, "அவங்க என்ன கேட்டாலும் செஞ்சு கொடுங்க. வேற எதையும் இப்ப யோசிக்காதீங்க" என்றாள்.

புத்தகத்தை மடியில் வைத்திருந்த மகள் நிமிர்ந்தாள். "தேர் ஒழுங்கா ஓடினா நான் இங்கேயே பரீட்சை எழுதலாம். நின்னுட்டா கட்டில், பீரோ எல்லாம் வண்டியில. அப்படித்தானேப்பா?"

"உன் படிப்பைப் பாரு" என்று மனைவி சொன்னாள். இல்லை என்று நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

கட்டிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டில் அகலத்துக்கு ஒட்டுப்பலகை. அதை முழங்கால் உயரத்துக்கு நான்கு முக்காலிகள்மேல் வைத்தேன். நடுவில் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினால் அது குளம். சுற்றி நான்கு வீதி. வீதிகளின் நடுவே பலகையில் விரல் போகாத அளவுக்கு ஒரு கீறல் வெட்டினேன். நான்கு முனைகளிலும் அது வளைந்து திரும்பும். பலகைக்கு அடியில், கீறலின் போக்கிலேயே, முனைக்கொரு சக்கரம் வைத்து ஒரு சங்கிலி ஓடும். தேரின் அடியிலிருந்து இறங்கும் ஒரு கம்பி கீறல் வழியாகப் போய்ச் சங்கிலியில் கோத்துக்கொள்ளும். சங்கிலி நகர்ந்தால் தேர் நகரும். சங்கிலியை ஓட்டுவது பழைய டேப் ரெக்கார்டரின் மோட்டார். மோட்டாரின் வேகத்தைக் குறைக்க, திருகாணி போல மரை ஓடிய ஒரு பித்தளைப் பல்லிணை. பலகையைச் சுற்றிப் பழைய புடவையைப் பாவாடை மாதிரி தொங்கவிட்டு அடிப்பாகத்தை மறைத்தோம்.

தேரை முழுக்கத் துளைப் பட்டைகளிலேயே கட்டினேன். நான்கு தட்டு, எண்கோண விமானம், மேலே கலசத்துக்கு ஒரு சிறிய கப்பி. என்னிடம் இருந்த நல்ல சாமான்களில் பெரும்பகுதி அதில் போய்விட்டது. துணியும் தொங்கலும் என் மனைவி தைத்தாள். முனைகளில் சங்கிலி துள்ளிக் கழன்றது. சக்கரங்களை மயிரிழை அளவுக்கு நகர்த்தி நகர்த்திப் பார்த்து, கொலு வைக்கிற அன்று காலையில்தான் அது துள்ளாமல் திரும்பியது.

முதல் நாளிலிருந்து தேர் ஒழுங்காக ஓடியது. அலுவலகத்திலிருந்து வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு நேராகக் கீழே போவேன். எண்ணெய் விட்டு, சங்கிலியைத் தடவிப் பார்த்து, ஸ்விட்சைப் போடுவேன். வெற்றிலை பாக்குக்கு வரும் பெண்கள் சுண்டல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுச் சுற்றும் பார்ப்பார்கள். கூடத்துக் கோடியில் ஈஸிசேரில் சாய்ந்திருக்கும் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கவே மாட்டார். மோட்டார் ஓடும்போது நான் தேரைப் பார்த்ததில்லை. காதை அடியில் வைத்துக்கொண்டு, பார்வையை அந்தப் பேப்பர்மேல் வைத்திருப்பேன்.

நவமி அன்று சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை. மாமி ஒரே பூஜையாகக் கீழேயே வைத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். காலையில் மகளின் புத்தகங்களையும், என் திருப்புளி, ஸ்பானர், எண்ணெய்க் குப்பி எல்லாவற்றையும் மனைவி கொண்டுபோய்க் கொடுத்தாள். புத்தகங்களுக்குப் பக்கத்தில், பட்டுத் துணிமேல், என் ஸ்பானர் சந்தனப் பொட்டும் குங்குமமும் ஒரு கிள்ளு மல்லிகையுமாக இருந்தது. மறுநாள் காலைப் புனர்பூஜை முடியும்வரை அதை எடுக்கக் கூடாது. நல்ல வேளை, தேரில் இறுக்கவோ தளர்த்தவோ வேண்டியது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. மாமி என்னைப் பார்த்ததும், "தேர்ல இருந்த மண் பொம்மையை எடுத்துட்டேன். எங்காத்து ஸ்வாமியையே எழுந்தருளப் பண்ணியிருக்கேன். பையன் நல்லபடியா வந்து சேரணும்னு வேண்டிண்டிருக்கேன்" என்றார்.

பார்த்தேன். பூஜை அலமாரியிலிருந்த கபாலியும் கற்பகாம்பாளும், கட்டைவிரல் உயரப் பஞ்சலோகம், நடுத்தட்டில் இருந்தார்கள். கற்பூரம் காட்டியாகிவிட்டது. பாரம் கூடியிருக்கிறது, ஆனால் மோட்டார் தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

எண்ணெய்க் குப்பி பூஜையில் இருந்ததால் அடியில் குனியாமலே ஸ்விட்சைப் போட்டேன். கிழக்கு மாட வீதியில் நிலையிலிருந்து தேர் கிளம்பியது. தெற்கு வீதி முழுக்க நன்றாகப் போனது. மேற்கு வீதியின் பாதியில் மோட்டாரின் ஓசை ஒரு கட்டை இறங்கியது. என்னைத் தவிர யாருக்கும் அது கேட்டிருக்காது. தேர் முனைக்கு வந்து, வடக்கு வீதிக்குத் திரும்பத் தலையைச் சாய்த்து, அப்படியே நின்றது. அடியில் மோட்டார் மட்டும் ஈ போல முனகியது. ஸ்விட்சை அணைத்தேன்.

"கரண்ட் போயிடுத்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"விளக்கு எரியறதே."

வந்திருந்தவர்களில் வயதான ஓர் அம்மாள் தாழ்ந்த குரலில், "தேர் கெளம்பிட்டா நடுவுல நிக்கப்படாது" என்றார்.

"செத்த சும்மா இருங்கோ மன்னி" என்று மாமி சொன்னார். சொல்லும்போதே அவர் முகம் வெளிறிவிட்டது. கூடத்துக் கோடியில் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. ஒன்பது நாளில் முதல் தடவையாக வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

"என்ன சார், உங்க மிஷின் நின்னுடுத்தா?"

"ஒரு நிமிஷம் சார், பார்க்கிறேன்."

மண்டியிட்டுப் புடவையைத் தூக்கினேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. பல்லிணையில் பல்லுக்குப் பல் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். மோட்டாருக்கும் ஒன்று. மாமி அன்று மத்தியானம் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் ஸ்கூட்டருக்கும் வைத்த கையோடு இதற்கும் வைத்திருக்கிறார். இதுவும் அந்த வீட்டில் ஓடும் இயந்திரம்தானே. குழைத்த சந்தனம் மரையின் பள்ளத்தில் இறங்கிச் சுண்ணாம்பு போலக் காய்ந்திருந்தது. என் எண்ணெயில் குங்குமம் கரைந்து செம்மண் சேறாக அடைத்துக்கொண்டிருந்தது.

"என்னவாம்?" மாமி எனக்குப் பின்னால் குனிந்தார்.

புடவையைக் கீழே விட்டேன். வாய்வரை வந்தது. சொன்னால், அத்தனை பேருக்கு முன்னால், தேரை நிறுத்தியது மாமியின் கை என்று ஆகும். பையனுக்காக வேண்டிக்கொண்டு ஏற்றிய தேரை. சொல்லாவிட்டால் நிறுத்தியது என் மிஷின்.

"பாரம் தாங்கலை மாமி" என்றேன். "நான் கணக்குப் போட்டதுல தப்பு."

வீட்டுக்காரர் மூக்கால் ஓர் ஓசை செய்தார். மனைவி சுவரோரமாக நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த குங்குமச் சிமிழ் மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பல்லிணையைக் கழற்றினால் துடைத்துவிடலாம். கழற்ற ஒரே ஒரு திருகாணி. திருப்புளி ஒரு கை தூரத்தில், சரஸ்வதி படத்துக்கு முன்னால் மல்லிகையோடு இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை மாமி பார்த்தார்.

"அதைத் தொடப்படாது" என்றார். கோபம் இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"தொடலை மாமி."

கையால் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்த வகைப் பல்லிணையை மோட்டார் பக்கமிருந்துதான் சுற்ற முடியும். மறுபக்கமிருந்து எவ்வளவு இழுத்தாலும் அசையாது. தேர் பின்னால் நழுவக் கூடாது என்று அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். இப்போது அதுவே தேரைப் பிடித்து வைத்திருந்தது.

மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, சங்கிலி வேண்டாமே. அவுத்து விட்டுட்டா கையால இழுக்கலாம்ல?" என்று காதோடு சொன்னாள்.

சங்கிலியின் கண்ணிகள் மெல்லிய கம்பியை மடித்துச் செய்தவை. நகத்தாலேயே பிரிக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. ஓடுகிற ஒன்றை ஓட வைப்பதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை.

எழுந்து நின்றேன். "மாமி, தேர்னா வடம் பிடிச்சு இழுக்கணும். மோட்டார் வச்சது என் புத்தி. நீங்க எல்லாரும் இழுங்க. நிலைக்கு வந்துடும்."

மாமி கணவரைப் பார்த்தார். அவர் தேரைப் பார்த்தார்.

"எதுல இழுக்கறது?" என்று அந்த வயதான அம்மாள்தான் கேட்டார்.

மகள் பூத்தட்டிலிருந்து வாழைநாரை எடுத்து முறுக்கத் தொடங்கியிருந்தாள்.

சங்கிலியைப் பிரித்தால் மட்டும் போதாது. அறுந்த முனை தேரின் கம்பியோடு சேர்ந்து வரும். எந்த முனைச் சக்கரத்திலாவது சிக்கினால் தேர் சாயும். ஸ்வாமியோடு சாயும். யாராவது அடியில் இருந்து அதைச் சிக்காமல் விட்டுக்கொண்டே வர வேண்டும். சட்டையைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மல்லாந்து பலகைக்கு அடியில் நுழைந்தேன். மார்புக்குமேல் ஒரு சாண்தான் இடம். புடவையைத் தாண்டி வந்த வெளிச்சம் சிவப்பாக இருந்தது. நகத்தை வைத்து ஒரு கண்ணியை நெம்பினேன். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை நகம் மடங்கியது. மூன்றாவதில் திறந்தது.

"இழுங்க. மெதுவா."

கீறலில் கம்பி நகர்வது மட்டும் எனக்குத் தெரிந்தது. அது ஒரு விரற்கடை வந்தது; நின்றது; மறுபடி வந்தது. தலைக்கு மேலே சக்கரங்கள் பலகையில் உருளும் சத்தம். சங்கிலியை ஒரு கையால் தளர்த்திக் கொடுத்து, மறு கையால் முனைச் சக்கரத்தைப் பிடித்திருந்தேன். வெளியே மாமியின் குரல் கேட்டது.

"நீங்களும் ஒரு கை பிடிங்கோ. பையன் உங்களுக்கும் பையன்தானே."

பிறகு புடவைக்கு அடியில் தெரிந்த கால்களின் நடுவே, வேட்டிக் கரைக்குக் கீழே ஆண் பாதங்கள் இரண்டு வந்து நின்றன.

வடக்கு வீதியின் பாதியில் சங்கிலியின் வால் முனைச் சக்கரத்தில் ஏறிக்கொண்டது. "நிறுத்துங்க" என்றேன். கம்பி நின்றது. கையை எட்ட நீட்டியும் வால் அகப்படவில்லை. முதுகால் தரையைத் தேய்த்து நகர்ந்தேன். தாம்பாளத்துத் தண்ணீர் கீறல் வழியாக என் நெற்றியில் சொட்டியது. விரல் நுனியில் கண்ணி பட்டது. தள்ளிவிட்டேன். விழுந்தது.

"இப்ப இழுக்கலாம்."

கம்பி கடைசி முனையில் வளைந்து, கிழக்கு வீதிக்கு வந்து, என் கண்ணுக்கு நேர் மேலே நிலையில் நின்றது. நான் வைத்த குறிக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன். மணி அடித்தது. கற்பூர வாசனை புடவையைத் தாண்டி உள்ளே வந்தது. தேர் நிலைக்கு வந்ததை அந்தக் கூடத்தில் பார்க்காதவன் நான் ஒருவன்தான்.

விஜயதசமி கழிந்து பொம்மைகளைத் துணி சுற்றிப் பெட்டியில் வைக்கும் அன்று, தேரைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்று பிஸ்கட் டப்பாக்களோடு கீழே போனேன். தேர் ஏற்கெனவே ஒரு பழைய பட்டுப் புடவைக்குள் இருந்தது. பலகையின் அடியிலிருந்த சங்கிலி, பல்லிணை, மோட்டார் எல்லாவற்றையும் மாமி ஒரு பையில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"டப்பா எதுக்கு?" என்றார்.

"பிரிச்சு வச்சுக்கலாம்னு."

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஸ்வாமி ஏறின தேரைப் பிரிக்கறதாவது."

அத்தனை வருஷம் சேர்த்த பட்டைகள், எண்கோணத் தகடுகள், இங்கே கிடைக்காத அந்தப் பல்சக்கரங்கள். பாலமாக, தறியாக, இன்னும் யோசிக்காத எதெதுவாகவோ ஆகக்கூடியவை. ஸ்வாமியை ஏற்றட்டுமா என்று மாமி கேட்டிருந்தாலும் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கப்போவதில்லை. வாசற்படியில் நின்ற மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம் மாமி. பிரிக்கக் கூடாது" என்றேன்.

"துரு பிடிக்குமோ?"

"வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைக்கணும்."

"அது நீங்கதான் செய்யணும். எங்களுக்கு என்ன தெரியும்."

ஈஸிசேரில் பேப்பர் கொஞ்சம் இறங்கியது. வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பையன் வந்தா மூணு நாலு மாசம் கீழேயே இருந்துக்கட்டும். உங்க பொண்ணு பரீட்சை முடியட்டும். வைகாசியில பார்த்துக்கலாம்."

மனைவி உள்ளே போய் மாமிக்குப் பெட்டி தூக்கிவிட்டாள். மோட்டார்ப் பையும் தேரோடு பெட்டிக்குள் போனது. பரணில் ஏற்றும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கனமாக இருந்தது.

மகள் மார்ச்சில் அந்த மாடியிலிருந்தே பரீட்சை எழுதினாள். வைகாசியில் நாங்கள் மேற்கு மாம்பலத்துக்குக் குடிபோனோம். மிச்சமிருந்த சாமான்களைக் கொண்டு கட்டக்கூடியது ஒரு தராசு, ஒரு சிறிய ராட்டினம். அவற்றைக் கட்டினேன், பிரித்தேன்.

வருஷா வருஷம் மகாளய அமாவாசைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குப்பியோடு மயிலாப்பூருக்குப் போய்விடுவேன். மாமி பெட்டியை இறக்கி வைத்திருப்பார். காப்பி வரும். துளைத் துளையாகத் துடைத்து, அச்சுகளுக்கு எண்ணெய் போட்டு, தளர்ந்த நட்டுகளை இறுக்குவேன். தேரை இப்போது நாரில்தான் இழுக்கிறார்கள். மோட்டார்ப் பையை அவர்கள் எடுப்பதில்லை. ஒரு வருஷம் நானாக அதைத் திறந்து, பல்லிணையைக் கையில் எடுத்து, குச்சியால் பள்ளத்தைச் சுரண்டப் போனேன்.

"அதுல குங்குமம் அப்படியே இருக்கே" என்றார் மாமி. "அதை எடுத்துடாதீங்கோ."

குச்சியைக் கீழே வைத்தேன். பல்லிணையைப் பையில் போட்டு, பையைத் தேரின் பக்கத்தில், முன்பு இருந்த இடத்திலேயே வைத்தேன்.